குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே

எந்த ஊர் பேரிங் கடையிலும் போய், "அண்ணே, சிக்ஸ் டூ நாட் த்ரீ ஒண்ணு குடுங்க" என்று கேட்கலாம். கடைக்காரர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வைப்பார். திருப்பி ஏதாவது கேட்டால், "ரப்பர் சீலா, தகடு மூடியா?" என்று மட்டும் கேட்பார். பெட்டிக்குள் இருப்பது 6203 என்ற எண் பொறித்த பால் பேரிங். உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. ஸ்வீடனில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும் புனேயில் செய்தாலும் இந்த மூன்று அளவும் மாறாது. முதலில் உள்ள 6, ஆழமான தடம் கொண்ட ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் என்பதைச் சொல்கிறது. அடுத்த 2, வளையத்தின் பருமன் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவு. 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் கணக்கு இன்னும் எளிது, 5 ஆல் பெருக்கினால் துளை விட்டம் வந்துவிடும்.

பழைய 6203 ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே அதிகம் ஒன்றும் இருக்காது. ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறும் உள்வளையம், கூட்டுக்குள் உட்காரும் வெளிவளையம், இரண்டிலும் சுற்றி ஓடும் பள்ளமான தடம். அந்தத் தடத்தில் 6.747 மி.மீ. விட்டமுள்ள எட்டு எஃகுக் குண்டுகள், சைக்கிள் கடைப் பேச்சில் பால்ரஸ். அவை ஒன்றையொன்று உரசாமல் தள்ளிவைக்க ஒரு தகட்டுக் கூண்டு. கொஞ்சம் கிரீஸ். இவ்வளவை நம்பித்தான் ஒரு சின்ன மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று வீதம் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. எப்படி முடிகிறது என்ற கேள்விக்கான விடை, குண்டும் தடமும் தொட்டுக்கொள்ளும் அந்த இடத்தில் இருக்கிறது. பேரிங்கின் வடிவம், எஃகு, எண்ணெய், ஆயுள், கெட்டுப்போகும்போது போடும் சத்தம் எல்லாமே அந்த இடத்தில் நடப்பதன் விளைவுகள்.

தேய்த்து நகர்த்துவதைவிட உருட்டி நகர்த்துவது சுலபம் என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு சுலபம் என்பதுதான் வியப்பு. எண்ணெய் சரியாகப் படியாத இரண்டு உலோகப் பரப்புகள் வழுக்கும்போது, அழுத்தும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்கு விசை உராய்வுக்குப் போய்விடும். நல்ல பால் பேரிங்கில் அது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. வழுக்கும் பரப்புகளில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிய்ந்து, மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. உருளும் குண்டு அப்படி எதையும் இழுத்துச் செல்வதில்லை. தடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மேலிருந்து வந்து படிந்து, மேலேயே எழுந்துவிடுகிறது. அதற்காக உராய்வு சுத்தமாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. குண்டு வளைந்த பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால், தொடும் பகுதியின் நடுவும் ஓரமும் ஒரே வேகத்தில் உருள முடியாமல் சற்றே வழுக்குகின்றன. அமுங்கிய எஃகு திரும்ப நிமிரும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. கிரீஸைக் கிண்டிக்கொண்டு ஓடுவதற்கும் கொஞ்சம் செலவாகிறது.

இந்த யோசனை மனிதருக்கு எப்போதோ தோன்றிவிட்டது. ரோம் அருகே நேமி ஏரியில் மூழ்கிக் கிடந்த, பேரரசர் கலிகுலா காலத்துக் கப்பல்களை, ஏரித் தண்ணீரை இறைத்து 1928 முதல் 1932 வரை வெளியே எடுத்தார்கள். அவற்றில் வெண்கலக் குண்டுகளின்மேல் சுழலும் மர மேடை ஒன்றின் பாகங்கள் கிடைத்தன. லியோனார்டோ டா வின்சியின் மாட்ரிட் குறிப்பேட்டில், குண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்துவைக்கும் அமைப்பின் படம் இருக்கிறது. கடலில் நெடுவரை காணும் கடிகாரத்துக்காக வாழ்நாளையே செலவிட்ட ஜான் ஹாரிசன், தமது மூன்றாவது கடிகாரத்தில் கூண்டில் அடைத்த உருளைகளைப் பயன்படுத்தினார். 1794 இல் வேல்ஸ் நாட்டின் கார்மார்தனைச் சேர்ந்த ஃபிலிப் வாகன், வண்டி அச்சுக்குக் குண்டு பேரிங் காப்புரிமை பெற்றார். 1869 இல் பாரிஸ் மிதிவண்டி மெக்கானிக் ஜூல் சுரிரே எடுத்த காப்புரிமை, அதே ஆண்டு பாரிஸிலிருந்து ருவான் நகருக்கு நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஓட்டி வென்ற சைக்கிளில் பலன் கொடுத்தது.

இத்தனை நூற்றாண்டு யோசனை கையில் இருந்தும் பேரிங் எங்கும் பரவாமல் போனதற்குக் காரணம் உண்டு. உருண்டையான குண்டும் வளைந்த தடமும் கணிதப்படி பார்த்தால் ஒரே புள்ளியில்தான் தொடும். புள்ளிக்குப் பரப்பு கிடையாது. பரப்பில்லாத இடத்தில் பாரம் ஏற்றினால் அழுத்தம் முடிவிலி. வெண்கலமோ மெல்லிய இரும்போ அந்த இடத்தில் நசுங்கிப் பள்ளமாகிவிடும். நிஜத்தில் எவ்வளவு பரப்பு தொடுகிறது, எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று யாராலும் கணக்குப் போட முடியாமல் இருந்தது.

அந்தக் கணக்கைப் போட்டவர் பேரிங்கை நினைத்துப் போடவில்லை. பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், இரண்டு கண்ணாடி லென்சுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் தெரியும் நியூட்டன் வளையங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். லென்சுகளை அழுத்திப் பிடித்தால் தொடும் இடத்தில் கண்ணாடி சற்றே அமுங்கும், அதனால் வளையங்களின் வடிவமும் மாறும். எவ்வளவு மாறும்? 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து இதற்கு விடை கண்டார். 1881 ஜனவரியில் பெர்லின் இயற்பியல் கழகத்தின் முன் அதைப் படித்தபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. மின்காந்த அலைகளைக் கண்டுபிடித்துப் பெரும்புகழ் பெற்றது பிற்பாடு. இன்று உலகத்தில் தயாராகும் ஒவ்வொரு பேரிங்கின் கணக்கும் அந்த விடுமுறைக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

ஹெர்ட்ஸ் சொன்னதை நம் 6203க்குப் பொருத்திப் பார்க்கலாம். அதன்மேல் 50 கிலோ எடைக்குச் சமமான பாரம் கீழ்நோக்கி அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். எட்டுக் குண்டும் சமமாகச் சுமப்பதில்லை. மேல் பாதியில் இருப்பவை சும்மா உருண்டுகொண்டிருக்க, அடிமட்டத்தில் இருக்கும் குண்டுதான் அதிகம் தாங்குகிறது. பெர்லினில் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1901 வாக்கில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த வாய்ப்பாடு, மொத்தப் பாரத்தைக் குண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து 5 ஆல் பெருக்கச் சொல்கிறது. அதன்படி அடிக்குண்டின் தலையில் மட்டும் சுமார் 31 கிலோ. அந்தப் பாரம் உள்வளையத்தைத் தொடும் இடம் ஒரு நீள்வட்டம். நீளம் சுமார் ஒன்றரை மி.மீ., அகலம் 0.18 மி.மீ. அவ்வளவுதான், எள்ளில் பாதி நீளம்கூடத் தேறாத ஒரு கீற்று. அதன் நடுவில் அழுத்தம் சுமார் 21,000 வளிமண்டலம். உலகின் மிக ஆழமான கடலடியான மரியானா அகழியில் நிலவும் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குள் இது ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு அழுத்தத்தைச் சாதாரண எஃகு தாங்காது. அதற்கென்று ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு கரி, ஒன்றரைப் பங்கு குரோமியம் சேர்ந்த எஃகு அது. சுமார் 850 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தினால், அரம் போட்டால் வழுக்கிப் போகுமளவுக்கு உறுதியாகிவிடும். ஓடாமல் நிற்கும் பால் பேரிங் 4,200 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் தாங்கலாம் என்பது இன்றைய சர்வதேசத் தரநிர்ணயம். அந்த எல்லையில் விழும் நிரந்தரப் பள்ளம் குண்டு விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 6203இல் அது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதற்குமேல் போனால் ஓடும்போது சத்தம் கேட்கத் தொடங்கும்.

ஆனால் பேரிங் அநேகமாக ஒரே அமுக்கில் நசுங்கிச் சாவதில்லை. திரும்பத் திரும்ப அமுங்கி அயர்ந்துபோய்ச் சாகிறது. 1,440 சுற்றில் ஓடும் 6203இன் வெளிவளையத்தில், அடிப்புள்ளியின்மேல் நொடிக்கு 73 குண்டுகள் ஏறி இறங்குகின்றன. ஒரு நாளைக்கு 63 லட்சம் தடவை. எஃகின் மேற்பரப்பில் அழுத்தம் அதிகம் என்றாலும், வெட்டிப் பிரிக்கும் விசை உச்சத்தை அடைவது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்தில். அங்கே எஃகு வார்க்கும்போது கலந்துவிட்ட ஆக்சைடுத் துணுக்கு ஒன்று இருந்தால் போதும், அதன் விளிம்பில் நுண்விரிசல் பிறக்கிறது. கோடிக்கணக்கான சுழற்சியில் அது மெல்ல மேலேறி, ஒருநாள் தடத்திலிருந்து ஒரு செதில் பெயர்ந்து விழுகிறது. உருகிய எஃகை வெற்றிடத்தில் வைத்து வாயுக்களை நீக்கும் முறை பரவிய பிறகு, பேரிங் எஃகில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் சில பங்காகக் குறைந்தது. வெளித்தோற்றம், அளவு, எண் எதுவும் மாறாமலே பேரிங்கின் ஆயுள் பல மடங்கு கூடியது. இருபதாம் நூற்றாண்டுப் பேரிங் வரலாற்றின் மிகப் பெரிய முன்னேற்றம் பேரிங் ஆலையைவிட எஃகு உலையில்தான் நடந்தது என்று சொன்னால் தவறாகாது.

துணுக்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரே உலையில் வார்த்த எஃகில், ஒரே நாளில் கடைந்த இரண்டு பேரிங்குகளில் ஒன்று ஓராண்டும் மற்றொன்று பத்தாண்டும் ஓடலாம். அதனால் பேரிங்கின் ஆயுளை நிகழ்தகவாகத்தான் சொல்ல முடியும். ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் பால்ம்கிரென் இதை 1924 லேயே தொட்டார். குஸ்டாப் லுண்ட்பெர்கோடு சேர்ந்து 1947 இல் அதை முழுமைப்படுத்தினார். ஸ்வீடன்காரரான வைபுல் உருவாக்கிய புள்ளியியல் இதற்கு அடிப்படையானது. பேரிங் பட்டியலை வைத்துக் கணக்கிடும் ஆயுள், நூறில் தொண்ணூறு பேரிங் தாண்டிவிடும் ஆயுள். சரிபாதி பேரிங்குகள் அதைப்போல் சுமார் ஐந்து மடங்கு ஓடும்.

வாய்ப்பாடு எளிது. பட்டியலில் கொடுத்திருக்கும் பாரத் தாங்குதிறனை, அதாவது இயங்குதிறனை, உண்மையான பாரத்தால் வகுத்து, மூன்றாம் படிக்கு உயர்த்தினால், எத்தனை பத்து லட்சம் சுற்று என்று வந்துவிடும். 6203இன் இயங்குதிறன் சுமார் 9.5 கிலோநியூட்டன். நம் பாரம் அரை கிலோநியூட்டன். வகுத்தால் 19, அதன் மூன்றாம் படி 6,859. அதாவது கிட்டத்தட்ட 686 கோடி சுற்று. 1,440 சுற்றில் இரவுபகல் நிற்காமல் ஓடினால் சுமார் 9 ஆண்டு. பாரத்தை இரட்டிப்பாக்கினால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஹெர்ட்ஸ் கணக்குப்படி பார்த்தால் இது இன்னும் வியப்பு. பாரம் இரட்டிப்பானால் தொடும் பரப்பும் விரிந்துகொடுக்கிறது. அதனால் அழுத்தம் 26 சதவீதம்தான் கூடுகிறது. அந்த 26 சதவீதத்துக்கு எஃகு கொடுக்கும் விலை, ஆயுளில் எட்டில் ஏழு பங்கு. பெல்ட்டை ஒரு பிடி அதிகமாக இறுக்கிவிட்டால் மோட்டார் பேரிங் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு இதுதான் விடை.

இத்தனை அழுத்தத்தில் குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே எண்ணெய் எப்படி நிற்கும்? நிற்கவே முடியாது என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 1916 இல் எச். எம். மார்ட்டின் பற்சக்கரங்களின் பற்கள் தொடும் இடத்துக்கு எண்ணெய்ப் படலத்தின் கனத்தைக் கணக்குப் போட்டார். கிடைத்த எண்ணெய்ப் படலம் பரப்பின் மேடுபள்ளத்தைவிட மெல்லியது. அப்படியானால் உலோகம் உலோகத்தை நேராக உரசித் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடிய பற்சக்கரங்களில் கடைசல் போட்ட கோடுகள்கூட அழியாமல் இருந்தன. கணக்கில் ஏதோ விட்டுப்போயிருந்தது.

விட்டுப்போனவை இரண்டு. ஒன்று, எஃகு விறைப்பாக நிற்காமல் அமுங்கித் தட்டையாகிறது என்பது. மற்றொன்று, அழுத்தம் ஏற ஏற எண்ணெயின் பாகுத்தன்மை அடுக்கு வேகத்தில் கூடுகிறது என்பது. கையில் ஒழுகும் அதே எண்ணெய், இருபதாயிரம் வளிமண்டலத்தில் ஏறத்தாழ திடப்பொருளாக இறுகிவிடுகிறது. தொடும் கீற்றைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பக்கவாட்டில் பிதுங்கி ஓட நினைப்பதற்குள் மறுபுறம் வெளியேறித் திரும்பவும் எண்ணெயாகிவிடுகிறது. எந்த அழுத்தம் எண்ணெயைத் துரத்திவிடும் என்று பயந்தார்களோ அந்த அழுத்தமே அதை இறுக்கிப் பிடித்து வைக்கிறது. சோவியத் நாட்டில் எர்டெல், குரூபின் ஆகியோர் 1940களில் இந்த வழியைத் திறந்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸில் டவ்சனும் ஹிக்கின்சனும் 1959 இல் கணினியின் உதவியோடு முழுமையான தீர்வு தந்தார்கள். 1963 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கோஹரும் கேமரனும் எஃகுக் குண்டு ஒன்றைக் கண்ணாடியின்மேல் உருட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். தொடும் இடத்தைச் சுற்றி ஒளியின் வண்ண வளையங்கள் தெரிந்தன. அந்த வண்ணங்களிலிருந்து எண்ணெய்ப் படலத்தின் கனத்தை அளந்தார்கள். ஹெர்ட்ஸை 1880 இல் யோசிக்க வைத்த அதே ஒளிக் குறுக்கீடு, இப்போது அவர் கணக்கின் மறுபாதியை நிறைவு செய்தது. படலத்தின் கனம் வழக்கமாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம் காப்பாற்ற வேண்டுமென்றால், குண்டும் தடமும் அதைவிட வழவழப்பாக இருக்க வேண்டும். இங்கேதான் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபூர்ட் நகரத்துக்காரர் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் வருகிறார். 1883 இல் அவர் குண்டு சாணைபிடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். இன்றும் அடிப்படை முறை அதேதான். எஃகுக் கம்பியைத் துண்டுபோட்டு, இரண்டு அரைக்கோள அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்தால், நடுவில் மெல்லிய பட்டை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும் குண்டு கிடைக்கும். பிறகு காடி வெட்டிய இரண்டு கனமான தட்டுகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் கொட்டி உருட்டுவார்கள். குண்டு ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு பக்கமாகத் திரும்புவதால், எங்கே மேடு இருக்கிறதோ அங்கேதான் தட்டு அதிகம் கடிக்கிறது. எந்த அளவுகோலும் வைக்காமல், உருண்டு உருண்டே உருண்டையாகிறது. பதப்படுத்திய பிறகு நுண்தூளில் மணிக்கணக்கில் மெருகேற்றினால், வட்டம் பிசகுவது கால் மைக்ரானுக்குள் வந்துவிடும். சாதாரண மின்மோட்டார்ப் பேரிங்கில் இருப்பதே இந்தத் தரம்.

அந்த ஒரு கண்டுபிடிப்பால் ஷ்வைன்ஃபூர்ட் ஜெர்மனியின் பேரிங் தலைநகரமாகியது. அறுபது ஆண்டு கழித்து அதுவே அந்த ஊருக்கு வினையானது. 1943 ஆகஸ்ட் 17, அக்டோபர் 14 ஆகிய இரண்டு நாட்களில் அமெரிக்க விமானப்படை அங்குள்ள ஆலைகளைக் குறிவைத்தது. அக்டோபர்த் தாக்குதலில் மட்டும் அமெரிக்கா 60 கனரக விமானங்களை இழந்தது. பேரிங் இல்லையென்றால் டாங்கும் விமானமும் இல்லை என்ற கணிப்பு தவறல்ல. ஆனால் கையிருப்பு, இயந்திரங்களைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியது, ஸ்வீடன் இறக்குமதி, உருளும் பேரிங் தேவைப்படாத இடத்தில் குண்டில்லாத வழுக்குத் தாங்கிகளைப் போட்டுச் சமாளித்தது எல்லாம் சேர்ந்து ஜெர்மன் ஆயுத உற்பத்தியைக் காப்பாற்றின. பிரிட்டனும் அதே ஸ்வீடனை நம்பியிருந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் மாஸ்கிட்டோ விமானங்கள் பேரிங்குகளைச் சுமந்து பறந்தன.

குண்டு தயார். மூடிய வளையத்துக்குள் அதை எப்படி நுழைப்பது? புதுப் பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். ஆழமான தடம் என்பதால் பக்கவாட்டிலிருந்து குண்டு ஏறாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் கொன்ராட் காட்டிய வழி இது. உள்வளையத்தை வெளிவளையத்தின் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளினால், மறுபக்கம் பிறை வடிவில் அகலமான இடைவெளி திறக்கும். அதில் எட்டுக் குண்டுகளையும் வரிசையாகப் போட்டு, கடைசிக் குண்டுக்கு வெளிவளையத்தைச் சற்றே நெருக்கி இடம் செய்து, உள்வளையத்தை நடுவுக்கு இழுத்துவிட வேண்டும். பிறகு குண்டுகளைச் சம இடைவெளியில் பரப்பி, கூண்டின் இரண்டு பாதிகளையும் இரு பக்கத்திலிருந்தும் வைத்து ரிவெட் அடித்துவிட்டால், அதன்பின் ஒரு குண்டும் வெளியே வராது. சுற்றளவு முழுவதையும் குண்டுகளால் நிரப்பாமல் எட்டோடு நிறுத்தியிருப்பதன் காரணமும் இதுதான். பிறைக்குள் அதற்குமேல் இடமில்லை.

குண்டு போதாத இடத்துக்கு உருளை. உருளை புள்ளியில் தொடாமல் கோட்டில் தொடுவதால் அதிகப் பாரம் தாங்கும். ஆனால் நேரான உருளையின் இரு முனைகளும் தடத்தில் கடித்து அங்கே அழுத்தம் எகிறும். அதனால் முனைகளை ஒரு சில மைக்ரான் மட்டும் சரித்துவிடுகிறார்கள். கண்ணால் பார்த்தால் நேராகவே தெரியும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குதிரைவண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கனுக்கு வேறு தலைவலி. வண்டி திரும்பும்போது அச்சின்மேல் பக்கவாட்டிலும் இடிக்கிறது. 1898 இல் அவர் பெற்ற காப்புரிமை கூம்புருளைப் பேரிங்குக்கு. எல்லாக் கூம்புகளின் நுனிகளையும் நீட்டினால் அவை அச்சுக்கோட்டில் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி அமைத்தால், வழுக்காமல் உருளும், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் பாரம் இரண்டையும் தாங்கும். இன்று லாரிச் சக்கர ஹப்பைக் கழற்றினால் கையில் வருவது இதுதான். 1930 இல் அவர் நிறுவனம் எல்லா அச்சுகளிலும் உருளைப் பேரிங் பொருத்திய நீராவி ரயில் என்ஜின் ஒன்றை ஊர் ஊராக ஓட்டிக் காட்டியது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அதை, சில இடங்களில் மூன்று நான்கு பேர் சேர்ந்து இழுத்து நகர்த்தினார்கள்.

ஸ்வீடனின் யோதெபரி நகரில் காம்லெஸ்டாடன் துணி ஆலையின் பொறியாளர் ஸ்வென் விங்குவிஸ்டுக்குக் களிமண்தான் எதிரி. ஆலை நின்ற மண் மெல்ல இறங்கியதால் நீண்ட ஷாஃப்ட்டுகள் கோணலாகி, பேரிங்குகள் அடிக்கடி கெட்டன. அவர் இரண்டு வரிசைக் குண்டுகள் வைத்து, வெளிவளையத்தின் உட்பரப்பை ஒரு கோளத்தின் பகுதியாகக் கடைந்தார். கோளத்துக்குத் திசை கிடையாது. ஆகவே ஷாஃப்ட் சாய்ந்தால் உள்வளையம் குண்டுகளோடு சேர்ந்து சாய்ந்துகொள்ளும், எதுவும் முட்டாது. 1907 இல் அந்தக் காப்புரிமையை வைத்துத் தொடங்கிய எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் பெயர் இன்று நம் ஊர்ப் பேரிங் கடைப் பலகைகளில் எல்லாம் இருக்கிறது.

எல்லா இடத்துக்கும் உருளும் பேரிங்தான் சிறந்தது என்றில்லை. கார் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் வழுக்குத் தாங்கியில்தான் சுழல்கிறது. எண்ணெய் பம்பு நடுவில் படலத்தை எப்போதும் நிலைநிறுத்தும் இடத்தில் தொடும் கீற்றும் இல்லை, அதில் பிறக்கும் அயர்ச்சியும் இல்லை. கோவையில் தயாராகி ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும், தண்ணீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டார்களிலும் பம்பின் கீழ்நோக்கிய இழுப்பை வழுக்குத் தகடுகள்தான் தாங்குகின்றன. அங்கே மசகு வேறெதுவும் இல்லை, தண்ணீர்தான்.

கணக்குச் சொல்லும் ஒன்பது ஆண்டை எட்டாமல் பாதியில் போகும் பேரிங்குகள்தான் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. காரணம் பெரும்பாலும் எஃகில் இல்லை, பொருத்தியவர் கையில் இருக்கும். உள்வளையம் ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏற வேண்டும் என்னும்போது வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டினால், ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. தடத்தில் குண்டு இடைவெளிக்கு ஒரு பள்ளம் விழுந்துவிடும். புத்தம் புதுப் பேரிங் முதல் நாளே கரகரக்கும். பக்குவமான மெக்கானிக் உள்வளையத்தில் மட்டும் படியும் குழாயை வைத்துத் தட்டுவார், அல்லது பேரிங்கை 100 டிகிரி வாக்கில் சூடேற்றி விரிய வைத்துத் தானாக ஏறவிடுவார். கிரீஸும் அப்படித்தான். உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருந்தால் போதும். பாசத்தோடு முழுக்க அடைத்துவிட்டால், குண்டுகள் அதைக் கடைந்து கடைந்தே பேரிங் சூடாகிவிடும். சூடானால் உள்வளையம் விரியும், இடைவெளி குறையும். சூடாகும் மோட்டாருக்கு "சி த்ரீ போட்டது" வேண்டும் என்று கடையில் கேட்பது இதனால்தான். சாதாரண 6203இல் குண்டுகளுக்கு விட்டிருக்கும் ஆட்டம் 3 முதல் 18 மைக்ரான். சி3 என்றால் 11 முதல் 25 மைக்ரான்.

ஓடாமல் நிற்கும் பேரிங்கும் கெடும். அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பியபோது, ஒரு மைல்கூட ஓடாத சக்கரங்களின் பேரிங்கில் குண்டுகள் நின்ற இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. ரயிலின் அதிர்வில் குண்டுகள் நின்ற இடத்திலேயே நுணுக்கமாக ஆடி, நடுவில் இருந்த கிரீஸை வெளியேற்றிவிட்டன என்று ஜே. ஓ. ஆல்மன் 1937 இல் விளக்கினார். உருண்டால்தான் படலம் உருவாகும், ஆடினால் உருவாகாது. பம்பு அறையில் ஓடும் மோட்டாருக்குப் பக்கத்தில் மாற்றாக நிற்கும் மோட்டாரின் ஷாஃப்ட்டை வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிடச் சொல்வதும் இதற்காகத்தான்.

கெட்டுப்போகும் பேரிங் முன்கூட்டியே சொல்லிவிடும். ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் மூடியில் வைத்துப் பிடியைக் காதில் பொருத்திக் கேட்கும் மெக்கானிக்குகள் அதை அனுபவத்தில் அறிவார்கள். கணக்கும் அதையே சொல்கிறது. 6203இல் வெளிவளையத்தில் செதில் பெயர்ந்தால், ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது 3.05 தடவை தட்டும். உள்வளையத்தில் பெயர்ந்தால் 4.95 தடவை. 1,440 சுற்றில் முன்னது நொடிக்கு 73, பின்னது 119. அதிர்வுமானியின் திரையில் எந்த எண்ணில் முகடு எழுகிறது என்று பார்த்தால், பேரிங்கைக் கழற்றாமலே எந்த வளையம் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தயாராகி வெளிவரும் இந்த நாளில், பழைய கீற்றில் புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. மின்வண்டி மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர், மின்னழுத்தத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு ஷாஃப்ட்டில் தேங்குகிறது. தரைக்கு இறங்க அதற்கு இருக்கும் வழி பேரிங். குண்டையும் தடத்தையும் பிரித்துவைத்திருக்கும் எண்ணெய்ப் படலம் மின்சாரத்துக்கும் தடைதான். ஆனால் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடையைத் தாண்டச் சில வோல்ட்டே போதும். தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு நுண்பொறி, ஒவ்வொரு பொறிக்கும் எஃகில் உருகிய ஒரு புள்ளி. நாளடைவில் தடம் முழுவதும் வரிவரியாகக் குறுக்குக் கோடுகள் விழுந்து வண்டி உறுமத் தொடங்கும். அதற்கு மாற்றாகச் சிலிக்கான் நைட்ரைடு என்ற பீங்கான் வகையில் செய்த குண்டுகளை எஃகு வளையங்களுக்குள் போடுகிறார்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது. எஃகைவிடக் கடினம், எடையோ எஃகில் சுமார் 40 சதவீதம்தான். வேகமாகச் சுழலும்போது குண்டு வெளிவளையத்தை அழுத்துவதும் அதனால் குறைகிறது. ஆனால் எஃகைவிட விறைப்பானது என்பதால் எஃகைப் போல் அமுங்கிக்கொடுக்காது. தொடும் கீற்று இன்னும் சுருங்கி, அதே பாரத்துக்கு அழுத்தம் இன்னும் ஏறுகிறது. ஹெர்ட்ஸின் கணக்கை இந்தப் புது எண்களோடு மறுபடி முதலிலிருந்து போட்டாக வேண்டியிருக்கிறது.